சாவி யார் கையில? கீக்ளோக், ஹெல்ம் பத்தி வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல "கீக்ளோக்க ஹெல்ம் வச்சு ஒரே கமாண்டுல கிளஸ்டர்ல ஏத்திடலாம்"னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த மெயில படிச்சு முடிக்கவே ரெண்டு ஞாயித்துக்கிழமை போச்சு. பாதி பேர் "ஏறவே மாட்டேங்குது"ங்கறாங்க, மீதி பேர் "ஏறிடுச்சு சார், ஆனா உள்ள போக முடியல"ங்கறாங்க. வாய குடுத்தது நான்தான், அதனால இந்த வாட்டி பக்கம் முழுக்க அதுக்கே.

கேள்வி: நான் டெவலப்பர், இன்ஃப்ரா பக்கம் வந்ததே இல்ல. கீக்ளோக், குபெர்நெட்டிஸ், ஹெல்ம் மூணும் ஒண்ணுக்கொண்ணு என்ன முறைன்னே புரியல. பொறுமையா சொல்லுங்களேன் சார்.
– வாசகி, ஈரோடு

கீக்ளோக் வாசல்ல நிக்கிற ஆளும்மா. ஆபீஸ்ல லீவு போட ஒரு ஆப், பில்லு போட ஒரு ஆப், கம்ப்ளெயின்ட் எழுத ஒண்ணுன்னு ஆறு ஆப் இருந்தா, ஆறு லாகின் பக்கம் ஆறு பாஸ்வேர்ட் டேபிள்னு வச்சுக்காம, "யாரு நீங்க"ங்கற கேள்விய ஒரே இடத்துல கேட்டு, சரியா இருந்தா ஒரு டோக்கன கையில குடுத்து உள்ள அனுப்பும். லாகினுக்குன்னே இருக்கற ஓஐடிசி, சாமெல் ரெண்டு பாஷையும் தெரியும், ஏற்கனவே மைக்ரோசாஃப்டோட யூசர் பட்டியலான ஆக்டிவ் டைரக்டரி இருந்தா அதையும் பின்னாடி கோத்து விடலாம். ரெட் ஹாட் ஆளுங்க ஆரம்பிச்சது, 1.0 வந்தது 2014ல, 2023ல குபெர்நெட்டிஸ் இருக்கற அதே சிஎன்சிஎஃப் அமைப்போட குடும்பத்துல சேந்துச்சு. முழுக்க ஓப்பன் சோர்ஸ், எழுதினது ஜாவால. (ஜாவாங்கறத ஞாபகம் வச்சுக்குங்க, கீழ ஒருத்தருக்கு அது கடிச்சிருக்கு.)

குபெர்நெட்டிஸ்ங்கறது கிரேக்க சொல்லு, நம்ம பாஷைல மீகாமன், கப்பல் ஓட்டறவன். நெறைய மெஷின ஒண்ணா சேத்த கூட்டத்துல (அதான் கிளஸ்டர், அதுல ஒரு மெஷின்னா நோட்) ஆப்ப ஓட்டி, விழுந்தா திரும்ப எழுப்பறது அதோட வேலை, அப்படி ஓடற ஒவ்வொரு காப்பிக்கும் பாட்னு பேரு. ஹெல்ம்னா சுக்கான், சார்ட்ங்கற பொட்டலத்த எடுத்து கிளஸ்டர்ல ஆப்ப ஏத்தற கருவி. சார்ட்னா கடல் வரைபடம். பேரு வச்ச ஆளுங்க எல்லாம் கடலோரத்துக்காரங்க போல. எனக்கு கடல விட சமையக்கட்டு பழக்கம், அதனால நான் சொல்றது இப்படி: சார்ட்ங்கறது சாம்பார் பொடி பாக்கெட். டெப்ளாய்மென்ட், சர்வீஸ், இன்க்ரஸ், சீக்ரெட்னு பத்து பதினஞ்சு யாமெல் செட்டிங் ஃபைல நீங்களே உக்காந்து எழுதறதுக்கு பதிலா வேற யாரோ வறுத்து அரைச்சு வச்சது. உப்பும் புளியும் நீங்க போடணும், அதுதான் வேல்யூஸ் ஃபைல். இங்க வந்த மெயில்ல முக்காவாசி உப்பு போடாம எறக்கின சாம்பார்தான்.

கேள்வி: அண்ணே, கீக்ளோக் சார்ட்ட இன்ஸ்டால் பண்ணேன், ஏதோ செட்டிங் தப்பா போச்சுன்னு ஹெல்ம் அன்இன்ஸ்டால் அடிச்சுட்டு அதே பேர்ல திரும்ப போட்டேன். இப்ப பாட் ஏறவே மாட்டேங்குது. லாக்ல "பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன் ஃபெயில்டு"னு வருது. பாஸ்வேர்டே நான் குடுக்கலண்ணே, அதுவா போட்டுக்கிட்டது, அது எப்படி தப்பாகும்? மூணு வாட்டி அழிச்சு அழிச்சு போட்டுட்டேன்.
– வாசகர், திருச்சி

முப்பது வாட்டி போட்டாலும் இதேதான் வரும் தம்பி, கைய எடுங்க கீபோர்ட்ல இருந்து.

நடந்தது என்னன்னா, அந்த சார்ட் கீக்ளோக்கோட சேத்து ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸையும் தூக்கிட்டு வருது. நீங்க பாஸ்வேர்ட் குடுக்கலேன்னா அதுவா ஏதோ ஒண்ண ரேண்டமா உருவாக்கி ஒரு சீக்ரெட்ல, அதாவது குபெர்நெட்டிஸோட ரகசியப் பெட்டில, போட்டு வைக்கும். போஸ்ட்கிரெஸ் முதல் தடவை எழும்போது டிஸ்க் காலியா இருக்கறத பாத்துட்டு அந்த பாஸ்வேர்ட உள்ள எழுதிக்கும், அதுக்கப்புறம் டிஸ்க்ல டேட்டா இருந்தா சீக்ரெட்ல நீங்க என்ன மாத்தினாலும் அது கண்டுக்காது. அன்இன்ஸ்டால் அடிச்சீங்க இல்ல, சீக்ரெட் போயிடுச்சு, பாட் போயிடுச்சு, ஆனா டேட்டாபேஸ் பாட்ட நடத்தற ஸ்டேட்ஃபுல்செட் உருவாக்கின பிவிசி, அதாவது டிஸ்க்குக்கான சீட்டு, அது போகாது. அது பிழை இல்ல, டேட்டாவ யாரும் அவசரத்துல அழிச்சிடக்கூடாதுன்னு வேணும்னே அப்படி வச்சிருக்காங்க. ரெண்டாவது தடவை போட்டப்ப புது சீக்ரெட்ல புது பாஸ்வேர்ட் வந்துச்சு, டிஸ்க் மட்டும் பழசு. சாவி புதுசு, பூட்டு பழசு.

நம்பிக்கை இல்லேன்னா கியூப்சிடிஎல் கெட் பிவிசி அடிச்சு கடைசி கட்டத்துல ஏஜ் பாருங்க. பாட் வயசு 4 நிமிஷம்னு இருக்கும், பிவிசி வயசு 6 நாள்னு இருக்கும். அந்த ரெண்டு நம்பருக்கு நடுவுலதான் உங்க மூணு நாள் தூக்கம் போயிருக்கு.

உள்ள ஒண்ணும் முக்கியமா இல்ல, டெஸ்ட்டுதான்னா பிவிசிய அழிச்சுட்டு திரும்ப போடுங்க, முடிஞ்சுது. டேட்டா வேணும்னா முதல்ல பழைய பாஸ்வேர்ட் எங்கயாவது கெடக்குதான்னு தேடுங்க, டெர்மினல் ஹிஸ்டரில, டீம் சாட்ல, யாரோ ஒருத்தர் நோட்பேட்ல கண்டிப்பா இருக்கும், அசிங்கம்தான் ஆனா இருக்கும். கெடைச்சா சீக்ரெட்ட அதுக்கு மாத்தி பாட்ட ரீஸ்டார்ட் பண்ணுங்க. கெடைக்கலேன்னா போஸ்ட்கிரெஸ் பாட் உள்ள போயி யார எப்படி உள்ள விடணும்னு சொல்ற பிஜிஎச்பிஏ ஃபைல்ல லோக்கல் கனெக்ஷனுக்கு மட்டும் கொஞ்ச நேரம் டிரஸ்ட்னு (பாஸ்வேர்ட் கேக்காம விடு) மாத்தி, ரீலோட் பண்ணி, ஆல்டர் யூசர் போட்டு பாஸ்வேர்ட மாத்திட்டு உடனே பழையபடி வச்சுடணும். "கொஞ்ச நேரம்"ங்கறத அழுத்தி சொல்றேன், மறந்துட்டு வீட்டுக்கு போயிடாதீங்க.

பிவிசிய அழிங்கன்னு நான் ஈசியா சொல்றேன், ஆனா இதுல நானும் சூடு பட்டவன்தான். முன்னாடி வேலை பாத்த எடத்துல "இது ஸ்டேஜிங்தானே"ன்னு ஒரு பிவிசிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் அழிச்சேன். டெர்மினல்ல எந்த கிளஸ்டர் கான்டெக்ஸ்ட்ல நிக்கறேன்னு பாக்கல. திங்கக்கிழமை காலைல ஆபீஸ்ல ஒருத்தருக்கும் லாகின் ஆகல, எல்லாரும் அவங்கவங்க பாஸ்வேர்ட் மறந்துபோச்சுன்னு நெனைச்சு "ஃபர்காட் பாஸ்வேர்ட்" அமுக்கிட்டே இருக்காங்க, ரீசெட் மெயில் மட்டும் யாருக்கும் வரல, வராது, ஏன்னா அந்த மெயில் ஐடிய தெரிஞ்சு வச்சிருந்த டேபிளே இல்ல. அன்னிலேர்ந்து அழிக்கற கமாண்டுல நேம்ஸ்பேஸும் கான்டெக்ஸ்டும் கையால டைப் பண்ணாம என்டர் தட்டறதில்ல.

இனிமே செய்ய வேண்டியது: சார்ட் போடறதுக்கு முன்னாடியே சீக்ரெட்ட நீங்களே உருவாக்கிட்டு, வேல்யூஸ்ல எக்ஸிஸ்டிங் சீக்ரெட்னு ஒரு எடம் இருக்கும் அதுல அந்த பேர குடுங்க. இன்னும் நல்லது, ப்ரொடக்ஷன்ல போஸ்ட்கிரெஸ்ஸ சார்ட்டுக்குள்ள வைக்கவே வைக்காதீங்க. கிளவுட்காரங்க குடுக்கற மேனேஜ்டு டேட்டாபேஸ் இருந்தா அது, இல்லேன்னா கிளவுட்நேட்டிவ்பிஜி மாதிரி ஒரு ஆபரேட்டர், அதாவது கிளஸ்டருக்குள்ளயே உக்காந்து ஒரு சாஃப்ட்வேர பராமரிக்கற புரோகிராம். கீக்ளோக் பாட்ட நூறு வாட்டி அழிச்சு போடலாம், அதுல ஒண்ணும் இல்ல. யூசர், பாஸ்வேர்ட் ஹாஷ், ரெல்ம் (யூசரும் ஆப்பும் சேந்த ஒரு தனி வட்டாரம்), கிளையன்ட் (லாகின் கேக்கற ஆப்), டோக்கன்ல கையெழுத்து போடற கீ எல்லாமே டேட்டாபேஸ்லதான் உக்காந்திருக்கு.

இதோட தம்பி ஒண்ணு இருக்கு, அட்மின் பாஸ்வேர்ட். அதையும் என்விரான்மென்ட் வேரியபிள்ல மாத்திட்டு "மாறலையே"ன்னு ரெண்டு பேர் எழுதியிருக்காங்க. அது முதல் தடவை பூட் ஆகும்போது மட்டும்தான் படிக்கும், கீக்ளோக் வெர்ஷன் 26லேர்ந்து பேரையே பூட்ஸ்டிராப் அட்மின்னு மாத்திட்டாங்க, அப்பவாவது புரியட்டும்னு. பாஸ்வேர்ட் மறந்துட்டா அதே 26ல பூட்ஸ்டிராப்-அட்மின்னு ஒரு கமாண்ட் இருக்கு, தற்காலிகமா ஒரு அட்மின உருவாக்கி குடுக்கும், உள்ள போயி நிரந்தர ஆள உருவாக்கிட்டு அத அழிச்சுடுங்க.

கேள்வி: ஒரு வருஷமா நல்லா ஓடிட்டு இருந்த செட்டப், நோட் மாத்தினப்ப "இமேஜ் புல் பேக்ஆஃப்"னு நின்னுடுச்சு. சார்ட்ல ஒரு எழுத்து கூட மாத்தல. பிட்னாமி சார்ட்தான் யூஸ் பண்றேன்.
– வாசகர், பெங்களூரு

நீங்க மாத்தல, அவங்க மாத்திட்டாங்க. பாட் ஓடணும்னா இமேஜ், அதாவது சாஃப்ட்வேர் அடைச்ச பொட்டலம், எறங்கணும், அது எறங்கலைங்கறதுதான் அந்த எர்ரர். இந்த மாதிரி சார்ட்டும் இமேஜும் ரெடிமேடா குடுக்கற பிட்னாமிய 2019ல விஎம்வேர் வாங்குச்சு, விஎம்வேர 2023 நவம்பர்ல பிராட்காம் வாங்குச்சு, 2025ல பிராட்காம் இலவச இமேஜ் கடைய சுருக்கிட்டாங்க. வெர்ஷன் நம்பர் போட்ட பழைய இமேஜ் எல்லாம் பிட்னாமிலெகசிங்கற வேற எடத்துக்கு போயிடுச்சு, பழைய பேர்ல தேடினா கெடைக்காது. பழைய நோட்ல இமேஜ் ஏற்கனவே எறங்கி கெடந்ததால இத்தன நாள் ஓடிச்சு, புது நோட் போயி கதவ தட்டினப்பதான் வீடு காலின்னு தெரிஞ்சுது.

லெகசி பேர போட்டு இன்னிக்கு ராத்திரி எழுப்பிடலாம், தப்பில்ல, ஆனா அங்க இனிமே எந்த அப்டேட்டும் வராது. ஆபீஸ் மொத்தத்துக்கும் வாசக்கதவா நிக்கிற சாஃப்ட்வேருக்கு செக்யூரிட்டி பேட்ச் வராதுன்னா அத எத்தன நாள் வச்சிருப்பீங்க? கீக்ளோக் டீம் தங்களோட இமேஜ குவே ரிஜிஸ்ட்ரில போடறாங்க, அதுக்கு மாறுங்க. இமேஜ் பேர மட்டும் பிட்னாமி சார்ட்ல மாத்தி ஒட்ட வைக்க பாக்காதீங்க, உள்ள ஃபோல்டர் பாதையும் ஸ்டார்ட் ஸ்கிரிப்டும் வேற வேற, ஒட்டாது.

இதுல ஒரு விஷயம் நெறைய பேருக்கு தெரியறதில்ல, கீக்ளோக் டீம் அதிகாரபூர்வமா ஹெல்ம் சார்ட்டே குடுக்கறதில்ல. அவங்க குடுக்கறது ஆபரேட்டர். ஹெல்ம்தான் வேணும்னா கோட்சென்ட்ரிக் ஆளுங்களோட கீக்ளோக்எக்ஸ் சார்ட் இருக்கு, அது அதிகாரபூர்வ இமேஜையே எடுக்குது, டேட்டாபேஸ நீங்க குடுக்கணும், அதுவே எனக்கு புடிச்சிருக்கு. என் ஓட்டு யாருக்குன்னு கேட்டா, டீம்ல எல்லாத்தையும் ஹெல்ம்லயே ஓட்டறீங்கன்னா கீக்ளோக்எக்ஸ், புதுசா ஆரம்பிக்கறீங்கன்னா ஆபரேட்டர். ஆபரேட்டர்ல ரெல்ம் இம்போர்ட்னு ஒண்ணு இருக்கு, அது இல்லாத ரெல்ம உருவாக்கும், இருக்கறத அப்டேட் பண்ணாது. யாமெல்ல மாத்திட்டு மாறும் மாறும்னு காத்துட்டு இருக்காதீங்க.

கேள்வி: கீக்ளோக் பாட் ஒரு நிமிஷம் நல்லா இருக்கு, அப்புறம் ரீஸ்டார்ட், திரும்ப ரீஸ்டார்ட். லாக்ல எர்ரரே இல்ல. மெமரி 512 எம்பி குடுத்திருக்கேன், எங்க மத்த சர்வீஸ் எல்லாம் அதுக்குள்ள சுகமா ஓடுது.
– வாசகர், சென்னை

லாக்ல எர்ரர் இல்லாம செத்தா வெளியில இருந்து யாரோ போட்டுத் தள்ளியிருக்காங்கன்னு அர்த்தம். டிஸ்கிரைப் பாட் அடிச்சு லாஸ்ட் ஸ்டேட் பாருங்க. ஓஓஎம்கில்டு, எக்ஸிட் கோடு 137னு இருந்தா மெமரி பத்தல. இப்பதான் அந்த ஜாவா கணக்கு வருது. கன்டெய்னர் லிமிட்ல 70 சதவீதத்த கீக்ளோக் ஹீப்புக்கு, அதாவது ஜாவா தன் டேட்டாவ வைக்கற மெமரிக்கு, எடுத்துக்கும். உங்க 512ல அது 358. மிச்சம் 154. ஹீப்புக்கு வெளிய அதுக்கு சுமார் 300 எம்பி வேணும்னு அவங்க டாக்குமென்டே சொல்லுது. 300ங்கறது 154க்குள்ள எப்படி உக்காரும்? அவங்க சொல்ற ஆரம்ப அளவே ஒரு பாட்டுக்கு 1250 எம்பி. நான் கண்ண மூடிட்டு 2 ஜிபி குடுத்துடுவேன், மத்த சர்வீஸ்லாம் கோ (Go) மொழில எழுதினதா இருக்கும், அதோட இத ஒப்பிடாதீங்க.

மெமரி பிரச்சனை இல்லேன்னா புரோப் பாருங்க, அதாவது பாட் உயிரோட இருக்கான்னு குபெர்நெட்டிஸ் அப்பப்ப தட்டிப் பாக்கறது. 25லேர்ந்து ஹெல்த் செக் எல்லாம் 9000 போர்ட்டுக்கு போயிடுச்சு. பழைய வேல்யூஸ் ஃபைல காப்பி அடிச்சிருந்தா அது 8080ல போயி "உயிரோட இருக்கியா"ன்னு கேக்கும், அங்க 404 வரும், செத்துட்டான்னு நெனைச்சு குபெர்நெட்டிஸ் கொன்னுடும். நல்லா இருக்கற ஆளுக்கு காரியம் பண்ற கதைதான். முதல் தடவை டேட்டாபேஸ்ல டேபிள் எல்லாம் உருவாக்க நேரம் எடுக்கும், அதுக்கு ஸ்டார்ட்அப் புரோப் தனியா தாராளமா வைங்க.

கேள்வி: லாகின் பக்கம் வருது, ஆனா அட்மின் கன்சோல் சுத்திக்கிட்டே இருக்கு. சில ஆப்ல லாகின் ஆனதும் எச்டிடிபி முகவரிக்கு தள்ளிவிடுது, சில ஆப்ல "இன்வேலிட் இஷ்யூயர்"னு வருது. நெட்ல பாத்து ப்ராக்ஸி எட்ஜ்னு போட்டேன், ஒண்ணும் ஆகல.
– வாசகி, மதுரை

அந்த எட்ஜ் செட்டிங் 24ல பழசாகி 26ல தூக்கிட்டாங்க, நீங்க பாத்த பதிவு அதுக்கு முன்னாடி எழுதினதா இருக்கும். கீக்ளோக் பத்தி நெட்ல எது படிச்சாலும் முதல்ல எந்த வெர்ஷனுக்குன்னு பாருங்க. 2022ல 17 வந்தப்ப அடியில இருந்த வைல்ட்ஃபிளைங்கற ஜாவா சர்வருக்கு பதிலா குவார்கஸ டிஃபால்டா வச்சாங்க, அதோட முகவரில இருந்த ஆத்ங்கற துண்டும் போச்சு, அதுக்கு முந்தின பதிவு எல்லாம் இப்ப வேற ஊர் பஸ் டைம்டேபிள் மாதிரி.

உங்க கேஸ்ல டிஎல்எஸ், அதாவது எச்டிடிபிஎஸ் பூட்டு, கிளஸ்டரோட வாசலான இன்க்ரஸ்லயே முடிஞ்சுடுது, உள்ள கீக்ளோக்குக்கு வெறும் எச்டிடிபிதான் வருது. வெளிய நான் என்ன பேர்ல தெரியறேன்னு அதுக்கு தெரியாது, அதனால தனக்கு தெரிஞ்ச முகவரிய எல்லா லிங்க்லயும் ஒட்டி அனுப்புது. மூணு விஷயம் சொல்லி குடுங்க: ஹோஸ்ட்நேம்ல எச்டிடிபிஎஸ்ஸோட முழு முகவரி, எச்டிடிபி எனேபிள்டு ட்ரூ, ப்ராக்ஸி ஹெடர்ஸ்ல எக்ஸ்ஃபார்வர்டட். கடைசியில சொன்னத போடும்போது இன்க்ரஸ் அந்த ஹெடர தானே எழுதுதா, வெளியாள் அனுப்பினத அப்படியே உள்ள விடுதான்னு ஒரு வாட்டி பாத்துடுங்க, அப்படியே விட்டா எவன் வேணா "நான் அந்த ஐபி"ன்னு பொய் சொல்லிட்டு வரலாம்.

இஷ்யூயர் (டோக்கன குடுத்தது யாருன்னு அதுல எழுதற முகவரி) தகராறு வேற வீட்டு சண்டை. பிரவுசர்ல போன யூசர் டோக்கன்ல வெளி முகவரி எழுதியிருக்கு, உங்க பேக்எண்ட் சர்வீஸ் கிளஸ்டருக்குள்ள சர்வீஸ் பேர வச்சு கீக்ளோக்க கூப்பிட்டு அந்த பேரையே எதிர்பாக்குது, ரெண்டும் ஒத்துப்போகல. பேக்எண்டுக்கும் இஷ்யூயரா வெளி முகவரியையே குடுங்க. உள்ளுக்குள்ளயே பேசணும்னா பேக்சேனல் டைனமிக்னு ஒரு செட்டிங் இருக்கு, அத ஆன் பண்ணலாம், இஷ்யூயர் மட்டும் வெளி பேராவே இருக்கணும்.

கேள்வி: 24லேர்ந்து 26க்கு அப்கிரேட் பண்ணேன், ஒரு ஆப் ஒத்து வரல, ஹெல்ம் ரோல்பேக் அடிச்சேன். ரோல்பேக் சக்ஸஸ்னு சொல்லுது, ஆனா கீக்ளோக் ஒழுங்கா ஓடல.
– வாசகர், கோலாலம்பூர்

ஹெல்ம் பொய் சொல்லல, அது தன் வேலைய முடிச்சுட்டேன்னுதான் சொல்லுது. அதுக்கு தெரிஞ்சது யாமெல் மட்டும். 26 எழும்போது லிக்விபேஸ்ங்கற கருவிய வச்சு டேபிள் எல்லாத்தையும் புது வடிவத்துக்கு மாத்திடுச்சு, அத ஹெல்ம் பாக்கவும் இல்ல, திருப்பவும் தெரியாது. இப்ப 24 வந்து புது டேபிள பாத்து முழிக்குது. கீக்ளோக்ல டவுன்கிரேட் சப்போர்ட்டே கிடையாது. அப்கிரேடுக்கு முன்னாடி எடுத்த டம்ப், அதாவது டேட்டாபேஸ் காப்பி, இருந்தா கீக்ளோக்க நிறுத்திட்டு, அத ஒரு காலி டேட்டாபேஸ்ல ரீஸ்டோர் பண்ணி, 24 பாட்ட அதோட கோத்து விடுங்க. டம்ப் இல்லேன்னா பின்னாடி போற வழி இல்ல, 26லயே நின்னு அந்த ஆப்ப சரி பண்ணுங்க. சார்ட்டுக்குள்ளயே போஸ்ட்கிரெஸ் இருந்து சார்ட் அப்கிரேட்ல அதோட மேஜர் வெர்ஷனும் மாறியிருந்தா இன்னும் மோசம், பழைய டேட்டா ஃபோல்டர பாத்துட்டு போஸ்ட்கிரெஸ்ஸே எழமாட்டேன்னுடும்.

கேள்வி: எங்க கம்பெனில மொத்தமே 30 பேர். மேனேஜர் ஏதோ மாநாட்டுக்கு போயிட்டு வந்து கீக்ளோக், குபெர்நெட்டிஸ் எல்லாம் போடச் சொல்றார். வேணுமா சார்?
– பேர் வேண்டாம்னு கேட்ட வாசகர்

வேணாம். மெயிலுக்கு கூகுளோ மைக்ரோசாஃப்டோ வச்சிருப்பீங்க இல்ல, அந்த அக்கவுண்ட்லயே மத்த ஆப்புக்கும் லாகின் குடுத்துடலாம். வெளிய குடுக்க மனசில்லேன்னா ஒரே ஒரு விஎம், அதுல டாக்கர் கம்போஸ்ல கீக்ளோக்கும் போஸ்ட்கிரெஸ்ஸும், ராத்திரி ராத்திரி ஒரு பிஜி டம்ப் வேற மெஷினுக்கு. ஸ்டார்ட்-டெவ்ங்கற மோட்ல மட்டும் கீக்ளோக்க ஓட்டிடாதீங்க, அது லேப்டாப்ல விளையாடி பாக்கறதுக்கு. மேனேஜர்கிட்ட இந்த பக்கத்த காட்டுங்க, திருச்சி தம்பியோட கேள்விய முதல்ல படிக்கச் சொல்லுங்க.

கேள்வி: கீக்ளோக்கா, கீ கிளாக்கா? எங்க டீம்ல ரெண்டு கோஷ்டி.
– வாசகி, கோவை

கீக்ளோக். க்ளோக்னா மேல போத்திக்கற அங்கி, கடிகாரம் இல்ல. ஆனா எங்க ஆபீஸ்ல அஞ்சு வருஷமா "கீ கிளாக் டவுன்"னுதான் மெசேஜ் வருது, அப்படி வந்தாத்தான் எனக்கும் பதறுது.